ஜனவரிக் குளிரில் ஒரு கிழட்டுக் கிடா: கடைசிப் பருவ வில்வேட்டை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மானுக்கான வில்வேட்டை செப்டம்பர் கடைசியில் தொடங்கி பிப்ரவரி முதல் ஞாயிறு வரை நடக்கும். நவம்பரில் காடு கொள்ளாத கூட்டம். கிறிஸ்துமஸ் தாண்டினால் ஈ காக்கை இருக்காது. எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி ஆறு வாரம்தான். கொலம்பஸ் பக்கத்துப் பொங்கல் விழாவில் தட்டும் கையுமாக நிற்கும்போது வருஷா வருஷம் அதே கேள்விகள் வருகின்றன. நானும் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை பொங்கல் ஆறுவதற்குள் சாப்பிடலாம்.

சொல் விஷயம் ஒன்று. வெள்ளைவால் மானில் ஆணைக் கிடா என்றும் பெண்ணைப் பெட்டை என்றும் எழுதுகிறேன். இங்கே பக், டோ என்பார்கள். மரத்தில் கட்டி ஏறி உட்காரும் ட்ரீ ஸ்டாண்டைப் பரண் என்கிறேன். சோளக்கொல்லைக்குக் காவல் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது புரியும்.

ஏம்ப்பா, மானைக் கொல்லலாமா? நம்ம ஊர்ல பிடிச்சு உள்ள போட்ருவாங்களே?

போடுவார்கள், போடத்தான் வேண்டும். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான்வேட்டை குற்றம். இங்கே கதை வேறு. கண்டபடி சுட்டும் காட்டை அழித்தும் 1904 வாக்கில் ஒஹாயோவில் வெள்ளைவால் மானே இல்லாமல் போயிற்று. பிறகு கட்டுப்பாடு, உரிமம், காடு திரும்ப வளர்ந்தது என்று மெல்ல மீண்டு, இன்று 88 மாவட்டங்களிலும் மான் இருக்கிறது. அதை அடிக்க ஓநாயும் இல்லை, மலைச்சிங்கமும் இல்லை. பயிரில் இறங்கும், ராத்திரி நெடுஞ்சாலையில் காரில் விழும்.

துப்பாக்கி, தோட்டா விற்பனையில் 1937 முதல் ஒரு தனி வரி பிடித்து வனவிலங்குப் பராமரிப்புக்குக் கொடுக்கிறார்கள். வில், அம்பையும் அந்த வரிக்குள் கொண்டுவரும் சட்டம் வந்தது, வேடிக்கையாக, அதே 1972இல். பாவமா இல்லையா என்று கேட்டால், ஆட்டுக்கறி சாப்பிடாதவர் கேட்டால் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன். சாப்பிடுகிறவர் கேட்டால் சிரிப்பேன்.

அண்ணா, நான் ஹெச்-1பி விசாவுல இருக்கேன். எனக்கு லைசென்ஸ் தருவாங்களா?

தருவார்கள். வேட்டைக்காரர் பயிற்சி வகுப்பு முடித்து, உரிமமும் மான் பர்மிட்டும் வாங்கினால் போதும். ஆறு மாதமாக ஒஹாயோவில் குடியிருந்தால் உள்ளூர்க் கட்டணம். துப்பாக்கி வைத்திருப்பதில் விசாக்காரர்களுக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. வில் அந்தச் சட்டத்துக்குள் வராது என்பதால் நம் ஆட்கள் பலர் வில்லிலிருந்தே தொடங்குகிறார்கள்.

தனியார் நிலமென்றால் உரிமையாளரின் அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். வாய்வார்த்தை செல்லாது. விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும், அதனால் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தை ஒரு முறை முழுசாகப் படித்துவிடுங்கள்.

லேட் சீசன்னா எப்போலேர்ந்து? நவம்பர் வேட்டைக்கும் இதுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த திங்கள் துப்பாக்கிப் பருவம் தொடங்கி ஒரு வாரம் வெடிச்சத்தமாக இருக்கும். அது ஓய்ந்த பிறகு வருவதை நான் கடைசிப் பருவம் என்கிறேன். நவம்பரில் கிடா பெட்டை பின்னால் மதிகெட்டு அலையும், பட்டப்பகலில் சாலையைக் கடக்கும், யார் பரண் அடியில் வேண்டுமானாலும் வந்து நிற்கும். அது அதிர்ஷ்டத்தின் மாதம்.

ஜனவரியில் அந்தக் கிறுக்கு தெளிந்துவிடும். இணைசேரும் பருவத்தில் சாப்பாட்டை மறந்து ஓடியதில் உடல் எடையில் கால் பங்குவரை இழந்திருக்கும். அதற்கு இப்போது வேண்டியது இரண்டே: வயிற்றுக்குத் தீனி, தொந்தரவில்லாத படுக்கை. எங்கே போகும் என்று கணிப்பது நவம்பரைவிட எளிது. அதற்குத் தெரியாமல் அங்கே போய்ச் சேருவது பத்து மடங்கு கஷ்டம், ஏனென்றால் மூன்று மாதமாக மனித வாடையிலேயே பாடம் படித்திருக்கிறது.

முதிர்ந்த கிடான்னு எப்படித் தெரியும்? பெரிய கொம்பா இருந்தா போதுமா?

கொம்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். நல்ல தீனி உள்ள இடத்தில் இரண்டரை வயதுக் கிடாவுக்கே எட்டுக் கிளை வந்துவிடும். உடம்பைப் பாருங்கள். இரண்டரை வயதில் கால் நீளம், வயிறு ஒட்டி, கல்லூரிப் பையன் மாதிரி இருக்கும். மூன்றரையில் பந்தயக் குதிரை. நாலரைக்கு மேல் நெஞ்சு இறங்கி, வயிறு தொங்கி, காலே குட்டையானது போலத் தெரியும். மூஞ்சியில் ஒரு சலிப்பு.

ஜனவரியில் எடை இழந்திருப்பதால் கிழக்கிடாவும் இளசு போலத் தோன்றலாம். அப்போது நடையைப் பார்க்க வேண்டும். இளசுகள் வயலுக்குள் நேராக நடந்து வரும். கிழம் காட்டோரத்திலேயே நின்று, மற்ற எல்லா மானும் இறங்கி மேய்ந்த பிறகுதான் ஒரு காலை எடுத்து வைக்கும்.

டிசம்பர்ல செகண்ட் ரட் வரும்னு சொல்றாங்களே, அதை நம்பிப் போகலாமா?

பொய்யில்லை. ரட் என்றால் இணைசேரும் பருவம். நவம்பரில் சினை பிடிக்காத பெட்டை சுமார் 28 நாள் கழித்து மறுபடி பருவத்துக்கு வரும். நன்றாக வளர்ந்த அந்த வருஷத்துப் பெட்டைக்குட்டிகள் சிலவும் டிசம்பரில்தான் முதன்முதலாகப் பருவம் அடையும். ஆனால் அது அங்கொன்றும் இங்கொன்றும் நடப்பது. அதை நம்பி உட்காராதீர்கள். பெட்டைகளும் குட்டிகளும் மேயும் வயலில் உட்கார்ந்தால் தீனியும் அதுவும் ஒரே இடத்தில் அமைந்துவிடும், அவ்வளவுதான்.

சரி, எங்க தேடுறது? காடு முழுக்க மொட்டையா கெடக்கே.

தீனியிலிருந்து பின்னோக்கி நடங்கள். அறுக்காமல் விட்ட மக்காச்சோளமோ சோயாவோ ஒரு ஏக்கர் இருந்தாலும் அக்கம்பக்கத்து மான் அத்தனையும் அங்கே வரும். டர்னிப், முள்ளங்கி போட்ட வயலுக்கு நல்ல பனி விழுந்த பிறகு மவுசு கூடும். பயிர் இல்லாத தென்கிழக்கு மலைப்பகுதியில், வேய்ன் தேசியக் காடு போன்ற பொது நிலத்தில், செவ்வோக் (ரெட் ஓக்) மரத்தின் கொட்டையைத் தேடுங்கள். வெள்ளோக் (ஒயிட் ஓக்) கொட்டையை இனிப்பென்று அக்டோபரிலேயே தின்று தீர்த்துவிடும். துவர்ப்பு அதிகமான செவ்வோக் கொட்டைதான் சருகுக்கும் பனிக்கும் அடியில் மிச்சம் கிடக்கும். குளம்பால் சீய்த்த கறுப்புத் தரை பனியில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

படுக்கை பெரும்பாலும் தெற்கு பார்த்த சரிவு, குளிர்கால வெயில் விழும் இடம். காற்று கடுமையான நாளில் சீடார் புதருக்குள்ளோ ஆளுயரப் புல்லுக்குள்ளோ. ஆனால் துப்பாக்கி வாரத்தில் பயந்த கிடா இதையெல்லாம் விட்டுவிட்டு யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் போய் ஒண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கிடா இரண்டு குளிர்காலம் ஒரு பழைய கொட்டகைக்குப் பின்னால், சாலையிலிருந்து அறுபது கஜத்தில், துருப்பிடித்த வைக்கோல் கட்டும் இயந்திரத்துக்கும் முள்வேலிக்கும் நடுவில் படுத்திருந்தது. காட்டுக்குள் வேட்டைக்காரர்கள் அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

வாரத்துல எத்தனை நாள் போவீங்க? நான் லீவு போட்டு தினமும் உக்கார்றேன், ஒண்ணும் வரல.

தினமும் உட்கார்வதால்தான் வரவில்லை. இந்த முழுப் பக்கத்திலும் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். நல்ல இடத்தில் முதல் முறை உட்காரும்போதுதான் வாய்ப்பு அதிகம். இரண்டாம் முறை பாதி. மூன்றாம் முறை நீங்கள் பெட்டைகளுக்குக் கண்காட்சி. நடந்து வந்த தடத்தில் வாடை, ஏணியில் வாடை, போகும்போது கலைத்தது என்று எல்லாம் சேரும்.

நான் ஜனவரி முழுக்க நான்கைந்து மாலைதான் போகிறேன். மற்ற நாளெல்லாம் வானிலையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறேன், அதுதான் கஷ்டமான வேலை. காத்திருப்பது இதற்கு: இரண்டு மூன்று நாள் மந்தமாக, ஈரமாக இருந்து, பிறகு வடமேற்குக் காற்றோடு வெப்பம் திடீரென்று 15, 20 டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கும் நாள். பனி விழுந்து நின்ற மறுநாள் வானம் வெளுத்துக் காற்று அடங்கியிருந்தால் இன்னும் நல்லது. அன்று மூன்றரை மணிக்கே மான் இறங்கும். அந்த நாளில் அலுவலகத்தில் மீட்டிங் இருக்கும், அது தனி விதி.

காலையிலயா சாயங்காலமா?

சாயங்காலம். இந்தப் பருவத்தில் விடியற்காலை மான் இன்னும் வயலிலேயே நிற்கும். இருட்டில் நீங்கள் நடந்து போனால் அத்தனையையும் கலைத்துவிட்டுத்தான் பரணில் ஏறுவீர்கள். மாலையில் அது படுத்திருக்க, நீங்கள் முன்பாகவே போய் உட்காரலாம். சூரியன் மறைந்து அரை மணி வரை சட்டப்படி எய்யலாம். கிழக்கிடா அந்த அரை மணியில்தான் வரும்.

காத்து, காத்துன்னு சொல்றீங்க. ஆப்ல வடமேற்குன்னு போட்டா அதுபடி உக்காந்தா போதாதா?

சமவெளியில் ஓரளவு போதும். மேடு பள்ளத்தில் போதாது. வெயில் இருக்கும்வரை சரிவில் காற்று சூடாகி மேலே ஏறும். சூரியன் சாய்ந்ததும் குளிர்ந்து கனத்துக் கீழே வழியும், வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதுபோல. நான்கு மணிக்கு உங்களுக்குச் சாதகமாக இருந்த இடம் ஐந்து மணிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். மான் வரும் நேரமும் அதே ஐந்து மணி.

ஆப்பை நம்பாமல் பஞ்சை நம்புங்கள். மில்க்வீட் என்று ஒரு செடி, நம் ஊர் எருக்கின் உறவுக்காரி. அதன் காய் வெடித்து வரும் பட்டுப்பஞ்சை ஒரு டப்பாவில் அடைத்து வைத்துக்கொள்கிறேன். பரணிலிருந்து ஒரு இழையை விட்டால் முதலில் தென்கிழக்காகப் போகும், முப்பது கஜத்தில் தயங்கும், அப்படியே தாழ்ந்து ஓடைப் பள்ளத்துக்குள் வழுக்கி இறங்கும். என் வாடை போகும் வழி அதுதான். அந்தப் பஞ்சு போன பாதையில் மான் வருமென்றால் பரணை இடம் மாற்றுவேன். ஓடைக்கரையில், மான் இறங்கும் தடத்துக்குத் தாழ்வாக உட்கார்ந்தால் மாலைக் காற்று வாடையை ஓடையோடு கொண்டுபோய்விடும். வாடைத் தெளிப்பான், சிறப்பு சோப்பு எல்லாம் வாங்கியிருக்கிறேன். பாதி பாட்டில் இன்னும் கராஜில் இருக்கிறது.

இருட்டினப்புறம் இறங்கி வர்றப்ப கீழே இருபது மான் நிக்குதே, என்ன பண்றது?

நல்ல கேள்வி, பலர் கேட்பதே இல்லை. உள்ளே போவதை ஒரு வாரம் யோசிக்கிறோம், வெளியே வருவதை யோசிப்பதில்லை. நீங்கள் ஏணியில் இறங்குவதை அந்த இருபது மான் பார்த்தால் அந்த மரம் அந்த வருஷத்துக்கு முடிந்தது.

நான் வேட்டையாடும் நிலத்தின் பெரியவரிடம் ஒரு ஏற்பாடு. ஐந்தேமுக்கால் மணிக்கு நான் ஒரு செய்தி தட்டுவேன், அவர் தன் பழைய பிக்கப்பை வயல் ஓரமாக ஓட்டி வருவார். மாட்டுக்கு வைக்கோல் போட அவர் தினமும் வரும் வண்டி என்பதால் மான்களுக்குப் பழக்கம். தலையைத் தூக்கிப் பார்த்து, சலிப்போடு காட்டுக்குள் ஒதுங்கும். அந்த இரண்டு நிமிஷத்தில் நான் இறங்கி வண்டியில் ஏறிவிடுவேன். மறுநாள் அதே நேரம் அதே வயலில் நிற்கும். அவருக்கு இதில் என்னைவிட உற்சாகம். கூலி, என் மனைவி கொடுத்தனுப்பும் முறுக்கு.

ஆள் இல்லையென்றால் மான் காட்டுக்குள் போகும்வரை இருட்டில் உட்கார்ந்திருங்கள். ஒரு மணி நேரம் ஆனாலும்.

சோளத்தைக் கொட்டி வெச்சா வந்துராதா?

ஒஹாயோவில் தனியார் நிலத்தில் அனுமதி உண்டு, பொது நிலத்தில் இல்லை. மான் நோய்க் கண்காணிப்பில் உள்ள வையண்டாட், மரியன், ஹார்டின் போன்ற மாவட்டங்களில் தீனி போடுவதே தடை. சட்டம் இருக்கட்டும், என் அனுபவத்தில் குவியலுக்குப் பெட்டையும் ரக்கூனும் பகலில் வரும், கிழக்கிடா ராத்திரி இரண்டு மணிக்கு வரும். கேமராவில் அழகழகான படம் கிடைக்கும். படத்தைப் பொரித்துச் சாப்பிட முடியாது.

மூணு மணி நேரம் குளிர்ல உக்கார முடியல. நீங்க என்னதான் போடுறீங்க?

நடக்கும்போது குறைவாக, உட்கார்ந்த பிறகு நிறைய. முழுசாகப் போட்டுக்கொண்டு நடந்தால் வியர்த்து, அந்த ஈரமே பிறகு நடுக்கும். உள்ளே மெரினோ கம்பளி. தடித்த மேலாடைகள் பையில் போகும், மேலே ஏறிய பிறகு போடுவேன். பருத்தி எதிலும் வேண்டாம். பரணின் இரும்பில் கால் படாமல் ஒரு துண்டுக் கம்பளம். அது சத்தத்தையும் குறைக்கும், குளிர்ந்த இரும்பு ஒரு முனகலிலேயே ஊரைக் கூட்டிவிடும்.

இன்னொன்று, காதில் போட்டுக்கொள்ளுங்கள். ஏணிப்படியில் உறைபனி படிந்திருக்கும். தரையிலிருந்து கால் எடுக்கும் கணத்திலேயே முழு உடல் பட்டி பாதுகாப்புக் கயிற்றில் மாட்டியிருக்க வேண்டும், இறங்கி மண்ணைத் தொடும்வரை. வில்லைக் கையில் பிடித்து ஏறாதீர்கள், கயிற்றில் கட்டி மேலே இழுங்கள்.

வில்லுல குளிருக்குன்னு ஏதாவது மாத்தணுமா?

இழுவிசையைக் குறைக்க வேண்டும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு கிடா. ஐந்து வருஷத்துக்கு முன், பத்து டிகிரி ஃபாரன்ஹீட் மாலை. மூன்று மணி நேரம் அசையாமல் இருந்திருக்கிறேன். முன்பு சொன்ன கொட்டகைக் கிடா வேலியைத் தாண்டி வந்து பதினெட்டு கஜத்தில் விலா காட்டி நின்றது. மூக்கிலிருந்து ஆவி வருவது தெரிகிறது, மேல் இமையில் பனித்துகள் தெரிகிறது. வில்லை இழுத்தேன். வரவில்லை. கோடையில் கொல்லைப்புறத்தில் ஐம்பது முறை இழுக்கும் அதே 65 பவுண்டு, பாதியில் நின்றுவிட்டது. வில்லை வானத்துக்குத் தூக்கி உதறி இழுத்தேன். ஸ்லீவ் உரசியது. அந்தச் சின்னச் சத்தத்துக்கே அது இருந்த இடம் காலியாகிவிட்டது.

இப்போது டிசம்பர் வந்ததும் 55க்கு இறக்கிவிடுகிறேன், அதற்கேற்ப குறிமானியைச் சரிசெய்துகொள்கிறேன். ஒஹாயோவில் சட்டப்படி குறைந்தது 40 பவுண்டு, ஆகவே இடம் இருக்கிறது. குளிர்கால உடுப்பை முழுசாகப் போட்டுக்கொண்டு, வெளியே அரை மணி உட்கார்ந்துவிட்டு, ஒரே ஒரு அம்பு எய்து பழகுங்கள். அந்த ஒன்று எங்கே விழுகிறதோ அதுதான் உங்கள் உண்மையான திறமை. இடது கை ஸ்லீவை ஒரு பட்டியால் இறுக்குங்கள்.

பௌர்ணமி, அமாவாசை பார்க்கணுமா?

வேண்டாம். வெப்பமானியைப் பாருங்கள்.

நாப்பது கஜத்துல நிக்குது. டார்கெட்ல நான் அறுபதுலயே அடிப்பேன். எய்யலாம்ல?

டார்கெட் நகராது. கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 270 அடி போகும் அம்பு, நாற்பது கஜத்துக்கு, அதாவது 120 அடிக்கு, 0.45 நொடி எடுக்கும். நாணின் சத்தம் 0.11 நொடியில் மானிடம் போய்விடும். மிச்சமுள்ள மூன்றில் ஒரு நொடியில், பாய்வதற்காக அது காலை மடக்கி உடம்பை ஒரு சாண் தாழ்த்தும். நீங்கள் நெஞ்சைக் குறிவைத்தது முதுகுக்கு மேலே போகும், அல்லது மோசமாக, முதுகில் பாயும். மூன்று மாதம் துரத்தப்பட்ட ஜனவரி மான் இதில் நவம்பர் மானைவிட வேகம். குளிரில் காடும் நிசப்தமாக இருக்கும்.

நான் இருபது, மிஞ்சினால் இருபத்தைந்து கஜம். மான் தலை குனிந்து மேயும்போது, விலா காட்டியோ சற்று அந்தப்பக்கம் திரும்பியோ நிற்கும்போது, நெஞ்சின் கீழ் மூன்றில் ஒரு பங்கைக் குறிவைப்பேன்.

அம்பு பட்டுருச்சு, ஓடிருச்சு. பனியில ரத்தம் தெரியுது. உடனே பின்னாடி போகலாமா?

கூடாது. பனியில் சொட்டு ரத்தம் கரைந்து பரவிக் குடம் கவிழ்ந்தது போலக் காட்டும், ஏமாந்து துரத்தாதீர்கள். முதலில் அம்பைப் பாருங்கள். இளஞ்சிவப்பும் நுரையுமாக இருந்தால் நுரையீரல், அரை மணி போதும். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல், குறைந்தது நாலு மணி நேரம். பச்சையாக, நாற்றமாக இருந்தால் குடல், பத்து மணி நேரமாவது விட வேண்டும். ஜனவரியில் ஒரு வசதி, ராத்திரி முழுக்க விட்டாலும் கறி சீக்கிரம் கெடாது. ஓநாய்க்குப் பதில் கயோட்டி இருக்கிறது, அது முந்திக்கொள்ளலாம். புதுப்பனி பெய்யப்போகிறது என்றால் தடம் மறையும். இந்த மூன்றையும் எடைபோட்டு நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும்.

கறி எப்படி இருக்கும்? ஏதோ நோய் வேற இருக்காமே?

இளம் பெட்டைக்கறி மாதிரி இருக்காது, அதை ஒத்துக்கொள்கிறேன். கிழக்கிடா நார் நாராக இருக்கும். மான் கொழுப்பு ஆறினால் அண்ணத்தில் மெழுகாக ஒட்டும், அதனால் வெள்ளையாகத் தெரிவதையெல்லாம் சீவி எறியுங்கள். தொடையைக் கொத்திக் கோலா உருண்டை, மீதியைக் குக்கரில் வேகவைத்து மிளகுச் சுக்கா. விற்கக் கூடாது, கொடுக்கலாம்.

நோய் என்பது சி.டபிள்யூ.டி. (க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ்), ப்ரியான் என்னும் புரதத்தால் மானின் மூளையைத் தாக்குவது. கொலராடோவில் 1967இல் முதலில் கண்டார்கள், ஒஹாயோவின் காட்டு மானில் 2020இல். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை, சமைத்தாலும் ப்ரியான் அழியாது. முன்பு சொன்ன நோய்க் கண்காணிப்பு மாவட்டங்களில் எய்தால் கழுத்து நிணநீர்க் கணுவைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை கறியைத் தனியாக உறையவையுங்கள். மூளை, முதுகுத்தண்டை எங்குமே தொடாதீர்கள்.

அண்ணா, ஜனவரில கொம்பு விழுந்துரும்ல? பெட்டைன்னு நினைச்சு கிடாவை எய்துட்டா?

நடக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை எப்போது வேண்டுமானாலும் விழும், அடிபட்டதும் மெலிந்ததும் முதலில் உதிர்க்கும். ஒஹாயோவில் மூன்று அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் கணக்கில் அது கொம்பில்லா மான்தான், வருஷத்துக்கு ஒரு கிடா என்ற வரம்பில் சேராது. ஆனால் நாலு வருஷம் நான் பார்க்க வளர்ந்ததை அப்படிப் போக்கடிக்க மனசு வராது. ஆகவே ஜனவரியில் தனியாக வரும் பெரிய 'பெட்டை'யை நான் எய்வதில்லை. இருநோக்கியில் நெற்றியைப் பாருங்கள். காதுக்கு முன்னால் தட்டையாக இரண்டு வட்டத் தழும்பு தெரிந்தால் அது கிடா.

இதில் எனக்குக் கிடைத்தது ஒன்று. பதினெட்டு கஜத்தில் நின்ற அந்தக் கொட்டகைக் கிடாவின் இடது கொம்பை மார்ச் இரண்டாம் வாரம் அதே முள்வேலியின் அடியில் எடுத்தேன். அடிப்பக்கம் எலி சுரண்டிய பல் தடம். நான் உட்கார்ந்திருந்த மரத்திலிருந்து பதினோரு அடி.